307 இருந்த இடத்தில் 454

மசில் கார் என்று உலகம் கொண்டாடும் அமெரிக்க வண்டி பிறந்ததே ஒரு எஞ்சின் மாற்றத்தில்தான். 1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தர அளவுக் கார்களுக்கு ஒரு வரம்பு வைத்திருந்தது. சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை அவற்றில் போடக் கூடாது. (இனி எஞ்சினின் பெயராக வரும் 326, 389 போன்ற எண்களும் இந்தக் கொள்ளளவுதான்.) அப்போது பாண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியன். அவரும் பில் காலின்ஸ், ரஸ் ஜீ என்ற இரு பொறியாளர்களும் கவனித்த விஷயம் மிக எளிமையானது. டெம்பெஸ்ட் காரில் போகும் 326 எஞ்சினும், பெரிய போன்வில்லில் போகும் 389 எஞ்சினும் வெளி அளவில் ஒன்றேதான். சிலிண்டரின் விட்டம்தான் வேறு. அதே மவுன்டில் 389 உட்கார்ந்துவிடும். தனி மாடலாகக் கொண்டுபோனால் தலைமையகம் தடுக்கும் என்பதால், டெம்பெஸ்ட் லெமான்ஸ் வாங்குபவர் கேட்டால் சேர்த்துத் தரும் கூடுதல் வசதியாக 1964-ல் விலைப்பட்டியலுக்குள் நுழைத்துவிட்டார்கள். பெயர் ஜிடிஓ. அந்த ஒரே வருஷத்தில் 32,450 வண்டிகள் விற்றன.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய காரில் பெரிய எஞ்சின் ஏற்றுவதைப் பற்றி வாயைத் திறந்தாலே, "ஒரிஜினலைக் கெடுக்கிறீர்களே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அரிய வண்டி என்றால் அந்தக் கவலை நியாயமானது, நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் ஷெவ்ரலேயின் சாதாரண மாலிபுவோ நோவாவோ என்றால், எஞ்சின் மாற்றுவது அந்த வண்டியின் மரபுக்கு உள்ளேயே இருக்கிற வேலை. அறுபதுகளில் அந்த மரபை வளர்த்தவர்கள் ஊர் ஊராக இருந்த கார் டீலர்கள்.

பென்சில்வேனியாவில் கேனன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் டான் யென்கோ. 1967-ல் ஷெவ்ரலேயின் கமாரோவில் அதிகபட்சம் 396 கன அங்குலம்தான் கிடைத்தது. 427-ம் அதே குடும்பம், அதே வெளி அளவு. அவர் 396-ஐக் கழற்றிவிட்டு 427-ஐ ஏற்றி விற்றார். சிகாகோவில் நிக்கி, கலிஃபோர்னியாவின் சவுத் கேட்டில் டானா, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பால்ட்வின்-மோஷன் என்று எல்லாரும் அதையே செய்தார்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாப் டாஸ்காவின் ஃபோர்டு டீலர்ஷிப், போலீஸ் காருக்கான 428-ன் பாகங்களை வைத்து ஒரு மஸ்டாங்கைத் தயார்செய்து காட்ட, 1968 ஏப்ரலில் ஃபோர்டே 428 கோப்ரா ஜெட் மஸ்டாங்கை வெளியிட்டது. கடைக்காரர்கள் முன்னால் போனார்கள், கம்பெனிகள் பின்னால் வந்தன.

யென்கோ ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிச் சலித்துப்போய், 1969-ல் ஷெவ்ரலேயிடமே 427 போட்ட கமாரோக்களைக் கேட்டார். அதற்குக் கிடைத்த வழி எனக்கு எப்போதும் பிடித்தது. டாக்ஸி, போலீஸ் கார் மாதிரியான மொத்த ஆர்டர்களுக்கென்று ஷெவ்ரலேயில் 'கோப்போ' என்றொரு தனி ஆணை முறை இருந்தது. அந்தப் படிவத்தின் வழியாகத்தான் 425 குதிரைத்திறன் கமாரோக்கள் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தன. அதே வழியில், இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் ஊரைச் சேர்ந்த ஃப்ரெட் கிப் என்ற டீலர் முழு அலுமினிய 427-உடன் 50 கமாரோக்களுக்கு ஆர்டர் போட்டார். இசட்எல்1 எனப்படும் அந்த வகை மொத்தமே 69 கமாரோக்கள்தான். எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல். காரின் விலையே இரண்டு மடங்கு ஆனது. இன்று அதைத் தொட்டுப் பார்க்கவே ஏலக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

சரி, எங்கள் தெரு மாலிபுவுக்கு வருகிறேன்.

நான் இருப்பது டெட்ராய்டின் புறநகர். வாகன உதிரிபாகத் துறையில்தான் எனக்கும் வேலை. நாள் முழுக்கக் கணினித் திரையில் எஞ்சினைப் பார்ப்பவன், சாயங்காலம் கையில் கிரீஸோடு எஞ்சினைப் பார்க்க ஆரம்பித்தது பக்கத்து வீட்டுப் பெரியவரால். தொழிற்சாலையில் டூல் அண்ட் டை, அதாவது அச்சும் கருவியும் செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கராஜில் ஒரு 1971 ஷெவ்ரலே ஷெவெல் மாலிபு நின்றது. இரண்டு கதவு, 307 கன அங்குல ஸ்மால் பிளாக் (ஷெவ்ரலேயின் சின்ன எட்டு சிலிண்டர் வி8 குடும்பம்), இரண்டு வேக பவர்கிளைடு கியர்பாக்ஸ், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். குடும்பம் கடைக்குப் போய்வர வாங்கிய கார். இப்படிப்பட்ட வண்டிதான் இந்த வேலைக்குச் சரியானது என்பது என் கட்சி. எதையும் இழக்காமல் எல்லாவற்றையும் சேர்க்கலாம்.

எஞ்சின், எழுபதுகளின் பிக்கப் ஒன்றிலிருந்து வந்த 454. அதாவது 7.4 லிட்டர். ஷெவ்ரலேயின் பெரிய வி8 குடும்பமான பிக் பிளாக்கில் மார்க் 4 எனப்படும் வரிசை 1965-ல் 396-ஆகத் தொடங்கி, 1966-ல் 427 ஆகி, 1970-ல் 454 ஆனது. 1970 ஷெவெலில் வந்த எல்எஸ்6 என்ற 454-க்குக் கம்பெனி எழுதிக்கொடுத்த கணக்கு 450 குதிரைத்திறன். பிக்கப் 454 அந்தச் சாதி அல்ல. கம்ப்ரெஷன் குறைவு, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் பாரம் இழுக்க வெட்டியது. ஆனால் எஞ்சினின் உடலான பிளாக்கும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கும் திடமானவை. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டும் கேம்ஷாஃப்ட்டும் மாற்றினால் போதும். ஹெட் வாங்கும்போது பலர் செவ்வகப் போர்ட் (காற்று உள்ளே போகும் வழி) உள்ளதைத் தேடி ஓடுகிறார்கள். ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு முட்டைவடிவப் போர்ட்டே மேல். குறைந்த சுழற்சியில் காற்று வேகம் குறையாமல் உள்ளே போகும், சிக்னலிலிருந்து கிளம்பும்போதே இழுவை கிடைக்கும். எஞ்சின் எந்த வருஷத்தது என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். 1991-லிருந்து 1995 வரை வந்த ஐந்தாம் தலைமுறை பிளாக்கில் மெக்கானிக்கல் ஃபியூயல் பம்ப் மாட்ட இடமே கிடையாது. பழைய ஹெட்டை அதன்மேல் வைத்தால் கூலன்ட் கசியவும் வாய்ப்பு உண்டு. பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில், டிரைவர் பக்கமாக வார்ப்பு எண் இருக்கும். கம்பி பிரஷால் துடைத்து அதைப் படித்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

ஷெவ்ரலேயில் ஒரு பெரிய சௌகரியம், ஸ்மால் பிளாக்குக்கும் பிக் பிளாக்குக்கும் பின்பக்க போல்ட் அமைப்பு ஒன்றே. ஒன்றில் மாட்டிய கியர்பாக்ஸ் மற்றதிலும் மாட்டும். பக்கவாட்டு மவுன்டுக்கான மூன்று போல்ட்டும் அதே மாதிரிதான். இதைக் கேட்டதும் "அப்போ தூக்கி வைத்தால் முடிந்தது" என்று தோன்றும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. எஞ்சின் உள்ளே போகும். சுற்றியிருக்கும் எதுவும் அதற்குத் தயாராக இருக்காது.

டாட்ஜ் கதை இதற்கு நல்ல உதாரணம். சிகாகோவின் கிராண்ட் ஸ்பால்டிங் டாட்ஜ் கடைக்காரர், மிஸ்டர் நார்ம் என்று பேர் வாங்கியவர், சின்ன டார்ட் காரில் 383 எஞ்சினை நுழைத்துக் காட்டினார். பிறகு கம்பெனியே அதைப் போட்டது. 1969-ல் 440-ம் டார்ட்டுக்குள் போனது. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே இடமே தெரியாது. பவர் ஸ்டீயரிங்குக்கு அங்கே வழியில்லாமல் போனது. அவ்வளவு கனமான மூக்கை வெறும் கைபலத்தால்தான் திருப்ப வேண்டும். நேர்கோட்டில் பறக்கலாம், கார் நிறுத்துமிடத்தில் தோள் போய்விடும்.

ஷெவெலில் இடம் தாராளம். தனிச் சட்டத்தின் மேல் உடலை வைத்துக் கட்டிய கார் என்பதால் எஞ்சின் அறை அகலம். இருந்தாலும் சட்டத்தில் வரும் மவுன்ட் ஸ்டாண்டு இரண்டு எஞ்சினுக்கும் வேறு வேறு. பிக் பிளாக் ஸ்டாண்டைத் தனியாக வாங்கிப் போட்டோம். சிலர் இருக்கிற ஸ்டாண்டையே வெட்டி வெல்டு வைப்பார்கள். எஞ்சின் கொஞ்சம் உயரமாகவோ பின்னாலோ உட்கார்ந்துவிட்டால் டிரைவ்ஷாஃப்டின் கோணம் மாறி, வேகத்தில் ஒரு அதிர்வு வரும். அதற்குக் காரணம் தேடிக் காலம் போகும். கம்பெனி இதே காரில் இதே எஞ்சினைப் போட்டு விற்றிருக்கிறது. எந்தெந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்ற பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றுவதுதான் ஆகச் சிறந்த வழி.

அந்தப் பட்டியலில் முதலில் வருவது எடை. ஸ்மால் பிளாக் சுமார் 260 கிலோ, பிக் பிளாக் சுமார் 310 கிலோ. ஐம்பது கிலோ கூடுதல், அதுவும் முன் சக்கரத்தின் மேல். பழைய ஸ்பிரிங்கோடு விட்டால் மூக்கு தாழ்ந்து, பிரேக் பிடித்தால் தலை குப்புறக் கவிழ்வது போல வண்டி குனியும். பிக் பிளாக் ஸ்பிரிங் போட்டாக வேண்டும். அலுமினிய ஹெட், அலுமினிய இன்டேக் போட்டால் கணிசமான எடை குறையும். முன்பக்கம் டிஸ்க் பிரேக். இதைப் பெரியவர் எஞ்சின் வருவதற்கு முன்பே செய்து முடித்திருந்தார். நிறுத்த முடியாத வண்டியை வேகமாக ஓட வைப்பதில் அவருக்கு ஈடுபாடு இல்லை. பாக்கி எல்லாவற்றிலும் அவரோடு வாதாடியிருக்கிறேன், இதில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்து கியர்பாக்ஸ். பவர்கிளைடை வைத்தே ஓட்டலாம்தான், மாட்டிக்கொள்ளும். ஆனால் 454-க்குப் பின்னால் டர்போ 400 என்ற வலுவான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருப்பதே முறை. அது நீளமானது. குறுக்குச் சட்டத்தைப் பின்னே தள்ள வேண்டும், டிரைவ்ஷாஃப்ட்டைக் குறைக்க வேண்டும், டிரைவ்ஷாஃப்ட்டைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் முன் யோக்கும் பெரிது. பின் ஆக்ஸிலில் பத்து போல்ட் வகை, பன்னிரண்டு போல்ட் வகை என்று இரண்டு. மூடியில் இருக்கும் போல்ட்டின் எண்ணிக்கையை வைத்து வந்த பெயர். பன்னிரண்டு போல்ட் வகை தடிமன். நல்ல டயர் போட்டு, முழு ஆக்ஸிலரேட்டரில் கிளம்புகிற உத்தேசம் இருந்தால் அது வேண்டும்.

இனி, மிகச் சின்னதாகத் தெரிந்து மிகப் பெரிய சேதம் செய்கிற ஒன்று. 396-ம் 427-ம் உள்ளேயே சமன் செய்யப்பட்டவை. பழைய 454 அப்படி அல்ல. அதன் சமநிலையின் ஒரு பகுதி கிராங்க்கின் முன்னால் இருக்கும் அதிர்வு குறைக்கும் வளையமான டேம்பரிலும், பின்னால் கியர்பாக்ஸோடு சேரும் தட்டான ஃப்ளெக்ஸ்பிளேட்டிலும் இருக்கிறது. ஃப்ளெக்ஸ்பிளேட்டில் ஒரு ஓரமாகத் தனி எடை ஒட்டியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 427-க்கு உரியதை எடுத்து 454-ல் மாட்டினால் போல்ட் எல்லாம் சேரும், எஞ்சினும் ஓடும். ஆனால் அதிர்ந்து அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். வாட்டர் பம்பிலும் இப்படி ஒன்று உண்டு. 1968 வரை ஷெவெலில் வந்தது குட்டைப் பம்பு, 1969-லிருந்து நீளப் பம்பு. பம்பு எதுவோ அதற்கேற்ற புல்லி, அதற்கேற்ற ஆல்டர்னேட்டர் பிராக்கெட். இரண்டையும் கலந்தால் பெல்ட் நேர்கோட்டில் வராது. பிக்கப் எஞ்சின் என்பதால் ஆயில் பான், எக்ஸாஸ்ட் மானிஃபோல்ட் இரண்டும் காரின் சட்டத்தோடும் ஸ்டீயரிங் தண்டோடும் ஒத்துவருமா என்று வெளியே வைத்தே அளந்து பார்த்தோம். மானிஃபோல்டுக்குப் பதிலாக நீளக் குழாய்களால் ஆன ஹெட்டர் போட்டால் சக்தி கூடும் என்பது உண்மை. ஆனால் அது ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒட்டிப் போகும். சூட்டில் ஸ்டார்ட்டர் மக்கர் செய்யும், பெட்ரோல் பங்க்கில் நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பாது. தரைக்கும் தாழ்வாகத் தொங்கும். ரோட்டில் ஓட்டுபவருக்கு நான் வார்ப்பிரும்பு மானிஃபோல்டைத்தான் சொல்வேன்.

எஞ்சின் இறக்கிய நாள். பானெட்டைக் கழற்றும் முன் கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டோம், திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் வர. ரேடியேட்டரும் வெளியே. கியர்பாக்ஸைச் சேர்த்தே தொங்கவிட்டதால் பின்பக்கம் கீழே சரிந்த நிலையில் உள்ளே போனது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரை முன்னமே எடுத்துவிட வேண்டும். ஷெவ்ரலேயில் அது எஞ்சினின் கடைசியில், டாஷ்போர்டுச் சுவரை ஒட்டி நிற்கும், ஒரு முறை இடித்தால் மூடி போச்சு. அவர் ஹைட்ராலிக் ஹாய்ஸ்டின் வால்வைத் துளித்துளியாகத் திறந்தார். நான் காருக்கு அடியில் படுத்து, மவுன்ட் துளையும் ஸ்டாண்டுத் துளையும் நேராகின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் சட்டென்று சேர்ந்துவிட்டது. மறு பக்கம் அரை விரல் தள்ளி நின்றது. கடப்பாரையால் ஒரு நெம்பு, போல்ட் உள்ளே போகும் அந்த உரசல் சத்தம், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம் முதல் ஸ்டார்ட். புதிய ஃப்ளாட் டேப்பெட் கேம்ஷாஃப்ட் (உருளை இல்லாத தட்டை லிஃப்டர்கள் இதன்மேல் உரசி ஓடும்) போட்ட எஞ்சினுக்கு முதல் அரைமணி நேரம்தான் தலையெழுத்து. டிஸ்ட்ரிப்யூட்டர் இருக்கும் துளை வழியாக ஒரு தண்டை விட்டு, டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றினோம். முதலில் டிரில் இலகுவாகச் சுற்றும். ஆயில் ஏறியதும் திணற ஆரம்பிக்கும், மணிக்கட்டில் அந்தப் பிடிப்பு தெரியும், மீட்டரின் முள் எழும். வால்வ் கவர் இல்லாமல் இருந்ததால் வால்வுகளை அமுக்கும் கைகளான ராக்கர்களின் மேல் எண்ணெய் ஒவ்வொன்றாக ஊறி வருவதைப் பார்க்க முடிந்தது. வராத இடத்துக்கு கிராங்க்கைக் கொஞ்சம் திருப்பி மறுபடி சுற்றினோம். பதினாறு ராக்கரும் நனைந்த பிறகே டிரில்லை எடுத்தோம். அப்புறம் முதல் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் உச்சிக்குக் கொண்டுவந்து டிஸ்ட்ரிப்யூட்டரை உட்கார வைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி நிரப்பினோம். ஸ்டார்ட்டரைப் போட்டு வெகுநேரம் இழுக்க வைக்கக் கூடாது, பிடித்தால் உடனே பிடிக்க வேண்டும்.

பிடித்தது. பிடித்த கணமே 2,000-க்கு மேல் ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் இடையே ஏற்றி இறக்கி இருபது நிமிஷத்துக்கு மேல் வைத்திருந்தோம். ஐடிலில் விடவே கூடாது. கேமின் மூக்கும் லிஃப்டரும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகும் நேரம் அது. அந்த இடத்துக்கு எண்ணெய் போவது கிராங்க் சுழன்று வாரியடிக்கும் தெறிப்பில்தான். மெல்லச் சுழன்றால் தெறிப்பு போதாது. துத்தநாகம், பாஸ்பரஸ் கலந்த ஆயில் வேண்டும் என்பதும் இதற்காகத்தான். இன்றைய கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற வேண்டி, கடையில் கிடைக்கும் சாதாரண ஆயிலில் அவற்றைக் குறைத்துவிட்டார்கள். புது மானிஃபோல்டின் பெயின்ட் கருகிக் கராஜ் முழுக்கப் புகை. கதவைத் திறந்து வைத்து, நான் ஆயில் அழுத்தத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அவர் வெப்பநிலையிலிருந்து எடுக்கவில்லை. ஏழு லிட்டருக்கு மேலான வி8 மூடிய அறையில் அந்த வேகத்தில் சுற்றும்போது நெஞ்செலும்புக்குள் ஒரு அதிர்வு நிற்கும். பேச்சு கேட்காது, கையசைவுதான்.

டெட்ராய்டிலிருந்து பாண்டியாக் நகர் வரை போகும் உட்வர்ட் அவென்யூவில், 1995-லிருந்து ஆகஸ்ட் மாதம் பழைய கார்களின் பெரிய ஊர்வலம் நடக்கிறது. அந்த வெயிலில், அந்த நெரிசலில் ஊர்ந்து போனால் எந்த பிக் பிளாக் ஒழுங்காகக் கட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும். ஓரத்தில் பானெட்டைத் தூக்கி நிற்பவற்றில் பெரும்பாலும் ரேடியேட்டர் பெரிதாகவே இருக்கும். ஃபேனைச் சுற்றி வரும் கூண்டைத்தான் விட்டிருப்பார்கள். கூண்டு இல்லாவிட்டால் ஃபேன் பக்கத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். ரேடியேட்டர் முழுக்கவும் காற்று வராது. ஃபேன் பிளேடின் பாதி அகலம் கூண்டுக்கு உள்ளே, பாதி வெளியே என்பது கணக்கு. மலிவான பாகம் இது. இதை வாங்காமல் விலையுயர்ந்த அலுமினிய ரேடியேட்டர் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்றைய தேதியில் புத்திசாலித்தனமான வழி ஜெனரல் மோட்டார்ஸின் புதிய எல்எஸ் குடும்பத்து எஞ்சின் என்று சொல்வார்கள். 1997 கார்வெட்டில் அறிமுகமாகி, பிறகு பிக்கப்களில் லட்சக்கணக்கில் வந்ததால் பழைய இரும்புக் கடையிலேயே 5.3 லிட்டர் கிடைக்கிறது. எடை குறைவு, மைலேஜ் அதிகம், குளிரில் சாவியைத் திருப்பினால் கிளம்பும். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட வேண்டும் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் பிக் பிளாக்கின் இழுவை வேறு வகை. 1970-ல் எல்எஸ்5 என்ற பெயரில் வந்த சாதாரண 454 பிக் பிளாக்குக்கே 500 பவுண்டு-அடி முறுக்குவிசை, அதுவும் 3,200 சுழற்சியில். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் எஞ்சின் கத்தாமலேயே வண்டி முன்னால் நகர்ந்திருக்கும். இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவான ஒரு கார் அப்படிச் சலனமில்லாமல் கிளம்புவதுதான் எனக்கு இந்த எஞ்சினின் முழு இன்பம். டயரைக் கருக்குவது அல்ல.

இறங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, எஸ்எஸ் 454 என்ற பட்டையை (எஸ்எஸ் என்பது சூப்பர் ஸ்போர்ட், ஷெவெலின் வேக வகை) மாலிபுவில் ஒட்டாதீர்கள். காருக்கு அழகு வேண்டும் என்றால் நல்ல பெயின்ட் அடிக்கலாம். பொய்ப் பட்டை ஒட்டிய வண்டி இன்னொரு கைக்கு, அதற்கடுத்த கைக்குப் போகும்போது ஒருவர் கட்டாயம் ஏமாறுவார். அதோடு, உண்மையான எஸ்எஸ் வைத்திருப்பவர்களின் வண்டியின் மீதும் சந்தேகம் விழும். இரண்டு, கழற்றிய 307-ஐ விற்றுவிடாதீர்கள். சந்தையில் அதற்குப் பெரிய மதிப்பில்லை, வாங்க வருபவர் அடிமாட்டு விலைதான் கேட்பார். ஆனால் முன்பக்கம், பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால் உள்ள சமதளத்தில், அந்தக் காரோடு பிறந்த முத்திரை எண் இருக்கிறது. சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி, துளைகளை அடைத்து, ஸ்டாண்டில் ஏற்றிப் பிளாஸ்டிக்கால் மூடி வையுங்கள். பெரியவர் சின்ன ஷிம் தகடு முதல் கார்புரேட்டர் மூடி நட் வரை டப்பாக்களில் போட்டு, மேலே மார்க்கரால் எழுதி, அந்த எஞ்சினுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறார். பவர்கிளைடும் அங்கேதான் இருக்கிறது. நாளைக்கு யாராவது அந்த மாலிபுவை 1971-ல் இருந்தது போலவே ஓட்ட ஆசைப்பட்டால், ஓரிரு வாரக்கடைசிகளின் வேலை அது. வெட்டாமல், வெல்டு வைக்காமல் செய்தால்தான் அந்த வழி திறந்திருக்கும்.